வளைந்த ஆணி

மணல் கம்பெனிக்குக் கேட் வந்தது கொல்லம் ஆயிரத்து நூற்றேழாம் ஆண்டில். அதற்கு முன் அங்கே வேலி மட்டும்தான் இருந்தது. அதுவும் மாடு நுழையாமலிருக்கப் போட்ட ஓலை வேலி. ஆட்கள் தோதான பக்கத்தில் உள்ளே போனார்கள், மணல் சுமந்தார்கள், பிள்ளைக்குப் பால் கொடுக்கவோ கஞ்சி குடிக்கவோ எழுந்து போனார்கள், திரும்பி வந்தார்கள். கங்காணி உச்சிப்பொழுதில் ஒரு தடவை தலையை எண்ணுவார். அப்போது குனிந்து மணல் வாருகிறவளுக்குத் தலை இல்லை என்று ஆகிவிடும்; பக்கத்து வீட்டுக்காரிக்காகவும் சேர்த்துக் குரல் கொடுக்கிறவளுக்கு இரண்டு தலை முளைத்துவிடும். ஆனாலும் கருமணல் குவிந்துகொண்டுதான் இருந்தது. கொளச்சலில் கப்பல் ஏறிப் போய்க்கொண்டுதான் இருந்தது.

புதிதாக வந்த துரைக்கு இது பொறுக்கவில்லை. அவர் இதற்கு முன் வடக்கே ஏதோ சுரங்கத்தில் இருந்தவராம். அங்கே மனிதர்கள் பூமிக்குள் இறங்கவும் ஏறவும் கணக்கு உண்டாம். வந்த சில மாதத்துக்குள் ஓலை வேலி போய் முள்கம்பி வந்தது. முள்கம்பிக்கு நடுவில் ஒரே ஒரு இரும்புக் கேட். கேட்டையொட்டித் தகரக் கொட்டகை. பாய்லருக்கு மேலே சங்கு. கொட்டகையின் முன்சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு மரச்சட்டம். அதற்குள் வரிசை வரிசையாக ஆணிகள். ஆணிக்கு ஒன்றாகப் பித்தளை டோக்கன். சட்டத்தை மூட மேலிருந்து ஒரு பலகை கயிற்றில் இறங்கும். காலையில் சங்கு மூன்று தடவை ஊதும். மூன்றாவது ஊத்து அடங்குவதற்குள் ஆட்கள் அவரவர் டோக்கனை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட வேண்டும். அடங்கியதும் பலகை இறங்கும், பூட்டு விழும். உள்ளே மாட்டிக்கொண்ட டோக்கனுக்கு அன்று கூலி கிடையாது. ஒரே மாதத்தில் மூன்று தடவை பலகை விழுந்தால் அந்த டோக்கன் வேறு ஆளுக்குப் போய்விடும். கேட்டுக்கு வெளியே புன்னை மரத்தடியில் அதற்கென்றே தினமும் சில பெண்கள் காத்திருந்தார்கள். சங்கு ஊதும் நேரத்தில் அவர்கள் யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டார்கள், ஆணிகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

உள்ளே போனவர்கள் சாயங்காலச் சங்கு வரை வெளியே வரக்கூடாது என்பதும் துரையின் சட்டம்தான். டோக்கன் தொலைந்தால் அபராதம் என்பதால் பெண்கள் அதை முந்தியில் முடிந்துகொண்டார்கள். மேலத்துறைக் கடற்கரைக்காரிகள் சிலர் கழுத்தில் கிடக்கும் மாதா உத்தரியத்தோடு சேர்த்தே கோத்துக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் பங்குச் சாமியார் அதைப் பார்த்துவிட்டு, இது எந்தப் புனிதர் என்று கேட்டாராம்.

கேட்டுக்கு வாச்சராக வந்தவர் முத்துநாயகம். உள்நாட்டுக்காரர், மிஷன் சபையைச் சேர்ந்தவர். ஞாயிறு ஆராதனைக்கு இரண்டாம் மணி அடித்த பிறகு வருகிறவர்களைக் கோயில் வாசலிலேயே முறைத்துப் பார்த்துப் பழகிய மனிதர். வேட்டிக்கு மேலே காக்கிக் கோட்டும், கோட்டுப் பையில் பலகைப் பூட்டின் சாவியுமாக நிற்பார். அவருக்கும் டோக்கன் உண்டு. முதல் வரிசையில் முதல் ஆணி. காலையில் முதலில் அதை எடுப்பார், சாயங்காலம் கடைசியில் அதை மாட்டுவார். யாரிடமும் சிரித்துப் பேசியதாக ஞாபகமில்லை. ஆனால் பலகையை ஒரு நாளும் சங்குக்கு முன்னால் இறக்கியதில்லை என்று அவரைப் பிடிக்காதவர்களும் சொல்வார்கள்.

மேலத்துறையிலிருந்து கம்பெனிக்கு வர முன்பெல்லாம் மேட்டு வழியாக ஒரு ஒற்றையடிப் பாதை இருந்தது. முள்கம்பி வந்ததும் பாதை கம்பெனிக்குள் போய்விட்டது. பிறகு கடற்கரைதான் வழி. கடற்கரையில் ஒரு சங்கடம் உண்டு. அங்கே கரமடி இழுப்பார்கள்.

கரமடி என்றால், வள்ளத்தில் வலையை ஏற்றிக்கொண்டு போய்க் கடலில் அரைவட்டமாகப் போட்டுவிட்டு, அதன் இரண்டு கயிற்றையும் கரையில் நின்று இரண்டு கூட்டமாக இழுப்பது. கயிற்றின் தலை மேட்டில் தெங்கில் கட்டியிருக்கும். மடி, அதாவது வலை, கடலில் இருக்கும்போது அந்தக் கயிற்றை யாரும் தாண்டக்கூடாது. அடியில் குனிந்து நுழைவதும் தாண்டுவதுதான். தாண்டினால் மடி வெறுமனே வரும் என்பது துறைக்காரர்களின் நம்பிக்கை. கயிறு வரும்போது எதிரே வந்தவன் ஒன்று மடி கரையேறும்வரை நிற்க வேண்டும், இல்லையென்றால் கயிற்றில் கையைப் போட்டு இழுக்க வேண்டும். இழுத்தவனுக்குக் கைப்பங்கு உண்டு. அவன் மேலத்துறையோ மணவாளக்குறிச்சியோ, மாப்பிள்ளையோ மாற்றானோ, அது கேள்வியில்லை. வலைக்குச் சொந்தக்காரனான மடிக்காரனே கயிற்றைத் தலைக்கு மேல் தூக்கிக் கொடுத்தால் போகலாம். ஆனால் அதை இரண்டு பேருக்குத்தான் செய்வார்கள். சாகக் கிடப்பவருக்கு அவஸ்தை கொடுக்கப் போகும் சாமியாருக்கும், தோளில் போகும் பிரேதத்துக்கும். கயிறு உயர்ந்தால் மடியின் அடி தரையை விட்டுக் கிளம்பும், மீன் அடிவழியே போய்விடும். ஆகவே நம்பிக்கையை விட்டுப் பார்த்தாலும் அதில் கணக்கு இருந்தது.

லீமாவின் புருஷன் மரியஜான் அந்த மடிக்காரன். லீமா மணல் கம்பெனியில் ஓலைக் கடவத்தில் மணல் சுமந்தாள். ஒரு வீட்டுக்குள் இரண்டு சட்டம் என்றால் இதுதான்.

அந்த மாதத்தில் லீமாவுக்கு இரண்டு தடவை பலகை விழுந்துவிட்டது. இரண்டும் புருஷனுடைய கயிற்றுக்கு முன்னால் நின்றதால் விழுந்தது. புரட்டாசியிலிருந்து மடியில் பாசியும் சொறிமீனும்தான் ஏறிக்கொண்டிருந்தன. வீட்டில் அடுப்பெரிந்தது லீமாவின் கூலியில். கிழிந்த மடிக்கு நூல் வாங்கியதும் அதில்தான். மரியஜானுக்கு இது தெரியும். தெரிந்ததால்தான் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

கார்த்திகை முடிந்து பனி இறங்கத் தொடங்கியிருந்த ஒரு சாயங்காலம். லீமா வேலை முடிந்து வந்து, முற்றத்தில் உட்கார்ந்து தலையை உதறினாள். எவ்வளவு உதறினாலும் கருமணல் தலையை விட்டுப் போகாது. இரும்புத் தகட்டில் காயப்போட்டுக் கிளறும்போது பறந்து வேர்வையில் ஒட்டிக்கொள்ளும். பிறகு மரச்சீனிக் கிழங்கை அவித்து, ஊறுகாய் மாதிரிச் சுண்டிப்போன பழைய மீன்சாற்றைச் சூடாக்கி அவன் முன்னால் வைத்தாள்.

"இஞ்சேருங்க, நாளைக்குக் கொஞ்சம் மேக்க தள்ளி வளைக்கப்பிடாதா?" என்று கேட்டாள்.

"எங்க மேக்க?"

"பாறைக்கு அங்கோட்டு."

"அங்க போட்டா பாறதான் பிடிக்கும். மீனு பிடிக்காது."

"அப்பம் சங்கு ஊதினதுக்குப் பொறவு போடுங்க."

மரியஜான் கிழங்கை வாயருகே வைத்துக்கொண்டு சிரித்தான். "ஏட்டி, சாளைக்கு ஒனக்க கம்பெனி சங்கு கேக்குமா? வெளுக்கதுக்கு முன்ன அது கரைக்கு வரும். வெயிலு ஏறினா பொய்க்கிடும். நான் கடலுக்க மொகத்தப் பாத்து எறங்கணுமா, ஒனக்க வாச்சருக்க மொகத்தப் பாத்து எறங்கணுமா?"

"சாளை வந்து எத்தற நாளாச்சு? பிள்ளிய இப்பம் எதுல தின்னுது?"

"சொல்லிக் காட்டுதியா?"

"சொல்லிக் காட்டல்ல. சொல்லுதேன்." லீமா கையைத் துடைத்துக்கொண்டு அவனுக்கு நேராக உட்கார்ந்தாள். "ரெண்டு மட்டம் பலகை விழுந்தாச்சு. இன்னும் ஒரு மட்டம் விழுந்தா எனக்க டோக்கன எடுத்து வேற ஒருத்திக்குக் குடுப்பாவ. புன்னமூட்டுல இருக்கவ ஒருத்தி, நான் நடந்து வாற நேரமெல்லாம் எனக்க ஆணியவே பாத்துக்கிட்டு இருக்கா."

"நேரத்தோட எழும்பிப் போயேன்."

"நீங்க கோழி கூவதுக்கு முன்ன கயித்த நீட்டிக்கிட்டு நிக்கிறிய. நான் ராத்திரியே போயி கேட்டுல கெடக்கட்டா?"

அவன் கிழங்கைத் தட்டில் திரும்ப வைத்தான். கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது.

"ஒருக்கா தூக்கிக் குடுத்தா போரும். ஓடிப் போயிருவேன்."

"நீ சாமியாரா? சவமா?"

"டோக்கன் போச்சுன்னா சவந்தான்."

"ஏட்டி, வெளையாடாத. முப்பது பேரு கயித்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கான். மடிக்காரன் பெண்டாட்டிக்குண்ணு கயித்தத் தூக்குனா, நாளைக்கு சூசைமிக்கேலுக்க பெண்டாட்டி வருவா, அவளுக்க மைனி வருவா. பொறவு மடி எதுக்கு? கயித்த வீட்டுல கெட்டித் துணி காயப்போடலாம்."

லீமாவுக்கு அழுகை வந்தது. அழுதால் அவன் எழுந்து போய்விடுவான் என்று தெரிந்ததால் அடக்கிக்கொண்டாள். சாப்பிட்ட தட்டை எடுக்கும்போது, "அப்பம் அந்த வாச்சர்ட்டயாவது போயி ஒரு வார்த்த பறயுங்க. ஆம்பிளைக்கு ஆம்பிளை கேப்பாரு," என்றாள்.

மறுநாள் மத்தியானம் மரியஜான் கேட்டுக்குப் போனான். வெறுங்கையாகப் போகக் கூச்சமாக இருந்ததால், யாரிடமோ வாங்கிய நாலு நெய்ச்சாளையை ஓலையில் பொதிந்து எடுத்துக்கொண்டான். முத்துநாயகம் கொட்டகை நிழலில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பொதியைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"என்ன வேய் அது? மீனா? அங்கயே நில்லும். டோக்கன் இல்லாம இந்தக் கேட்டுக்குள்ள ஒண்ணும் வராது."

"உள்ளுக்கு இல்ல. ஒமக்குத்தான்."

"எனக்கு வேண்டாம். கைக்கூலி வாங்குனேன்னு நாளைக்குப் பறயுவான்."

மரியஜான் பொதியைக் கீழே வைத்தான்.

"எனக்க பெண்டாட்டி லீமா. இஞ்சதான் கடவம் செமக்கா."

"தெரியும். மூணாம் வரிசை. ஆணி கொஞ்சம் வளைஞ்சது."

"அவளுக்கு ரெண்டு மட்டம் பலகை போட்டுட்டீரு."

"நான் எங்க போட்டேன்? சங்கு நிண்ணுது, பலகை எறங்கிச்சு."

"ஒரு நிமிசம் பொறுத்து எறக்கப்பிடாதா வேய்? ஓடி வாறது கண்ணுல தெரியல்லியா?"

"ஒரு நிமிசம் பொறுத்தா அடுத்தவ ரெண்டு நிமிசம் கேப்பா. நான் பூட்டல்லன்னா எனக்க டோக்கன எடுத்துருவாவ. எனக்கு நாலு பொம்பளப் பிள்ளிய." முத்துநாயகம் குரலைத் தாழ்த்தினார். "அவ பிந்தி வாறது எதனால? ஒம்ம கயித்தாலதானே? அத ஒருக்கா தூக்கிப் பிடிச்சா என்ன வேய் கொறஞ்சு போவும்? வெறும் கயிறு."

"ஒம்ம பலகைய ஒருக்கா தூக்கிப் பிடிச்சா என்ன கொறஞ்சு போவும்? வெறும் பலகை."

"இது சட்டம் வேய்."

"அதும் சட்டந்தான்."

"ஒம்ம சட்டத்த யாரு எழுதுனா?"

"ஒருத்தரும் எழுதல்ல. அதனாலதான் ஒருத்தரும் அழிக்கவும் முடியாது."

ஒருவரையொருவர் பிடிக்கவில்லை என்று சொல்வதற்கில்லை. ஒரே குணமுள்ள இரண்டு பேர் எதிரெதிரே நின்றால் வருகிற சலிப்புதான் அது. மரியஜான் பொதியை எடுத்துக்கொண்டு திரும்பினான். வீட்டில் லீமா அதைப் பார்த்த உடனே என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டாள். கேட்காமல் குழம்பு வைத்தாள்.

அடுத்த சில நாட்கள் கடல் கலங்கிக் கிடந்தது, வள்ளம் இறங்கவில்லை. லீமா சங்கு ஊதுவதற்கு வெகுமுன்பே புன்னை மரத்தடிக்குப் போய் நின்றாள். அவளுடைய ஆணியைப் பார்க்கிறவள், நாகர்கோவில் பக்கத்திலிருந்து புருஷனை விட்டு வந்தவள், ஒரு நாள் இவளிடம் பேச்சுக் கொடுத்தாள். "எக்கா, ஒங்களுக்கு மேலு சொகந்தானே?" என்று கேட்டாள். லீமா, "எனக்கு ஒரு கேடும் இல்ல," என்று வெடுக்கென்று சொன்னாள். பிறகு அன்று முழுவதும் அப்படிச் சொன்னது அவளுக்கு உறுத்திக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை கடல் தெளிந்தது. லீமாவும் அடுத்த வீட்டு சகாயசெல்வியும் இருட்டு விலகும்போதே கிளம்பினார்கள். பனியில் மணல் சில்லென்று காலில் ஒட்டியது. பாறையைத் தாண்டி வளைந்ததும் சகாயசெல்வி நின்றாள்.

"எக்கா, அங்க பாருங்க!"

கடலுக்கு மேல் கடற்காக்கைகள் கூட்டமாக இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. மீன் கண்டால்தான் அப்படி இறங்கும். அதைப் பார்த்து மரியஜான் எப்போதையும்விட முன்னாலேயே வளைத்துவிட்டிருந்தான். இரண்டு கயிறும் கரையேறிப் பாதி வந்திருந்தன. இரண்டு கூட்டமும் நெருங்கிவிட்டன. கயிறு முழங்கால் உயரத்தில் விறைத்து நின்றது. கடலிலிருந்து மேட்டுத் தெங்குவரை கயிறு, தெங்கையொட்டி முள்கம்பி. நடுவில் ஒரு பூனை போக இடமில்லை.

"ஏலோ ஏலோ" என்று இழுப்புப் பாட்டு. பாட்டில் ஒரு கனம் இருந்தது. வெறும் மடியை இழுக்கும்போது அந்தக் குரல் வராது.

பெண்கள் இருவரும் மேலண்டைக் கயிற்றுக்கு முன்னால் நின்றார்கள். மரியஜான் மறுபக்கம், தண்ணீருக்குள் இடுப்பளவில் நின்றுகொண்டு மடி வருகிற திசையைக் கையால் காட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தான். உடனே கடலைப் பார்த்துக்கொண்டான்.

அப்போது லீமா செய்தது அவளுக்கே பிறகு நினைத்தால் சிரிப்பாக இருந்தது. வேலைக்குப் போகிறவள், ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாதவள், முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு கயிற்றில் கையைப் போட்டு இழுக்கத் தொடங்கிவிட்டாள். துறையில் பிறந்தவர்களுக்குக் கண்முன்னால் கனத்த கயிறு வந்தால் கை சும்மா இருக்காது. யோசிக்கிற வேலையைக் கை செய்யாது. சகாயசெல்வியும் பக்கத்தில் பிடித்தாள். இரண்டு அடி, மூன்று அடி, பின்னோக்கிப் போனார்கள். கயிற்றின் பிசிறு உள்ளங்கையைக் கிழித்தது. மடியில் மீன் முட்டுவது கயிற்றில் தெரிந்தது. பல மாதமாக அப்படி முட்டியதில்லை. லீமாவுக்குச் சந்தோஷம் பொங்கியது.

சங்கின் முதல் ஊத்து கேட்டது.

"எக்கா! சங்கு!" என்றாள் சகாயசெல்வி.

லீமாவின் கை கயிற்றை விடவில்லை. கண் மட்டும் கம்பெனிப் பக்கம் போயிற்று. அங்கிருந்து புருஷனிடம் வந்தது. அவள் கூப்பிடவில்லை. எதைச் சொல்லிக் கூப்பிடுவது? மடி நிறைய மீன் வருகிற நேரத்தில், எனக்காக அதை விடு என்று துறையில் பிறந்த எவள் கேட்பாள்? கன்னம் இரண்டும் நனைந்து வழிய அப்படியே இழுத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது ஊத்து.

மரியஜான் தண்ணீரிலிருந்து கரையைப் பார்த்துக் கத்தினான். "தூக்குங்கடே!"

ஒருவருக்கும் விளங்கவில்லை.

"ரெண்டு கயித்தையும் தூக்குங்கடே! காது கேக்கல்லியா?"

"என்னத்துக்கு?" என்றான் சூசைமிக்கேல். "மீனு அடியோட போயிரும் ஓய்!"

"போனா எனக்க பங்குல போட்டும்! தூக்கு!"

"சாமியாருக்குத் தூக்குனோம். சவத்துக்குத் தூக்குனோம். இன்னி கம்பெனிக்கும் தூக்கணுமா?"

சொல்லிக்கொண்டேதான் தூக்கினான். மற்றவர்களும் தூக்கினார்கள். விறைத்த கயிற்றைத் தலைக்கு மேலே கொண்டுபோக முப்பது பேருக்கும் உடம்பு நடுங்கியது. இரண்டு பெண்களும் குனிந்து ஓடினார்கள். அவர்களுக்குப் பின்னால் கடலில் வெள்ளியாக ஒரு பாய்ச்சல் போனது. மடியின் அடிவழியே சாளை வெளியேறுவது. முப்பது தொண்டையிலிருந்தும் ஒரு சத்தம் கிளம்பியது. லீமா திரும்பிப் பார்க்கவில்லை.

நனைந்த மணலில் ஓடுவது எளிதல்ல. சகாயசெல்வி சின்னவள், முந்திப் போய் டோக்கனை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டாள். லீமா புன்னை மரத்தைத் தாண்டும்போது மூன்றாவது ஊத்து தேய்ந்து நின்றது. முத்துநாயகம் கயிற்றை விட்டார். பலகை இறங்கியது.

லீமா கையை உள்ளே விட்டாள்.

பலகை அவளுடைய மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது. வலியில் முனகினாள், கையை எடுக்கவில்லை. உள்ளே தடவினாள். வளைந்த ஆணி விரலில் அகப்பட்டது. டோக்கனைப் பிடித்துக்கொண்டாள்.

"கைய எடு," என்றார் முத்துநாயகம்.

"எடுக்க மாட்டேன்."

"சங்கு நிண்ணாச்சு. கைய எடு பிள்ள."

"எனக்க கை உள்ள இருக்கு."

"ஆளு வெளிய இருக்கியே."

"டோக்கன்தானே கணக்கு? ஆளுக்கு இஞ்ச என்னைக்கு கணக்கு இருந்து?"

புன்னை மரத்தடியில் இருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். அவளுடைய ஆணிக்குக் காத்திருந்தவள் ஓரடி முன்னால் வந்து, அங்கேயே நின்றாள். மீந்த டோக்கனை எண்ணும் கிளார்க் கம்பெனிக்குள்ளிருந்து இன்னும் வரவில்லை. முத்துநாயகம் பூட்டையும் சாவியையும் வைத்துக்கொண்டு, பலகைக்கு அடியில் மாட்டியிருந்த கையைப் பார்த்தார். கயிறு கிழித்த உள்ளங்கையிலிருந்து ரத்தம் கசிந்து மணிக்கட்டு வழியாகச் சட்டத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. மனிதருடைய கை மேல் பூட்டுப் போடுவதற்குத் துரை சட்டம் சொல்லியிருக்கவில்லை.

அவர் கயிற்றைக் கொஞ்சம் இழுத்தார். கை வெளியே வந்தது, டோக்கனோடு. பலகை இறங்கியது. பூட்டு விழுந்தது. அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டின் சிறு கதவைத் திறந்துவிட்டார்.

பதினோரு மணி வாக்கில் மரியஜான் வந்தான். கையில் ஒரு பெரிய பாரை. செவுள் வழியாக ஓலைக்கீற்றைக் கோத்துத் தூக்கிக்கொண்டிருந்தான். முகம் கறுத்துக் கிடந்தது. மடியில் பாதி போய்விட்டது என்று துறை முழுவதும் பேச்சு. மடிக்காரனுக்குரிய பங்கை அவன் விட்டுக்கொடுத்தும் சூசைமிக்கேல் அவனோடு பேசவில்லை.

"உள்ள போயிட்டாளா?" என்று கேட்டான்.

"போயிட்டா."

மரியஜான் தலையாட்டினான். அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று முத்துநாயகத்துக்குத் தெரிந்தது. பிறகு பாரையை நீட்டினான். "இது அவளுக்கு உள்ளது. கைப்பங்கு."

"என்ன பங்கு?"

"இண்ணைக்குக் கயித்தப் பிடிச்சால்லா."

"அவளுக்காகத்தான் ஒமக்குப் பாதி மீனு போச்சுன்னு கேட்டேன்."

"அது வேற கணக்கு. அது எனக்க தலையில. இது வேற."

முத்துநாயகத்துக்கு இது பிடிபடவில்லை. கணக்கு என்றால் அவருக்கு ஒரு முறை உண்டு. "எத்தற நேரம் பிடிச்சா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் நாங்க கேக்கதில்ல வேய்."

"பின்ன எப்பிடிப் பங்கு வைப்பிய?"

"கை வச்சாளா இல்லியா? வச்சா. அவ்வளவுதான்."

முத்துநாயகம் பூட்டியிருந்த பலகையை ஒரு தடவை பார்த்தார். சட்டத்தில் அந்த இடத்தில் கறை காய்ந்திருந்தது.

"உள்ளுக்குக் குடுத்து விட முடியாது," என்றார் கடைசியில். "அவள வெளிய கூப்பிடவும் முடியாது. நான் கையில வாங்கவும் முடியாது."

"பின்ன எங்க வைக்க?"

"அது எனக்குத் தெரியாது."

மரியஜான் சுற்றும்முற்றும் பார்த்தான். பாரையைக் கேட்டுக் கம்பியில் தொங்கவிட்டான். "நாயி தூக்குனா தூக்கட்டும். அவளுக்க பங்கு, கொண்டு வந்தாச்சு," என்று சொல்லிவிட்டுக் கடற்கரைப் பக்கம் இறங்கிப் போனான்.

உள்ளே லீமா அன்று கடவத்தை இடது கையால்தான் பிடித்துத் தூக்கினாள். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. மத்தியானம் கஞ்சிக்கு உட்கார்ந்தபோது சகாயசெல்வி, "மாமன் ஒங்கள இண்ணைக்கு வீட்டுல ஏத்துவாரா?" என்று கேட்டாள். "ஏத்தல்லன்னா கேட்டுல கெடப்பேன். இப்பம் டோக்கன் இருக்குல்லா," என்று லீமா சொன்னாள். சிரிப்புக்காகச் சொன்னதுதான், ஆனால் உள்ளே பயமாகத்தான் இருந்தது. போன மீனை நினைத்தால் நெஞ்சு வலித்தது. அந்த வெள்ளிப் பாய்ச்சலை அவள் பார்க்கவில்லை, அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தாள்.

சாயங்காலச் சங்கு ஊதியது. பெண்கள் வரிசையாக வந்தார்கள். முத்துநாயகம் சாவியைப் போட்டுப் பலகையை ஏற்றினார்.

மூன்றாம் வரிசையில் வளைந்த ஆணியில் ஒரு பாரை தொங்கிக்கொண்டிருந்தது.

வரிசை நின்றுவிட்டது. பின்னாலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தாள், இன்னொருத்தி அவளை அதட்டினாள். லீமா கையில் டோக்கனோடு அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். செவுளில் கோத்திருந்த முடிச்சு யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பூட்டின் சாவி யாருடைய பையில் இருக்கிறது என்பதும் தெரியும்.

"வெளிய கெடந்தா காக்கா கொத்தும்," என்றார் முத்துநாயகம் அவள் முகத்தைப் பார்க்காமல். "அதனால வச்சேன். எடு. எடுத்துட்டு டோக்கன மாட்டு. ஒரு ஆணிக்கு ஒண்ணுதான்."

லீமா பாரையை எடுத்தாள். டோக்கனை மாட்டினாள். புன்னை மரத்தடியில் இருந்தவள் இன்னும் அங்கேயே இருந்தாள். லீமா அவளைக் கடந்து கொஞ்ச தூரம் போய், திரும்பி வந்து, "வீட்டுக்கு வாறியா? இது எங்களுக்கு மட்டும்னா கூடுதலு," என்றாள். அவள் யோசித்துவிட்டு எழுந்து வந்தாள்.

அன்று மரியஜான் வீட்டில் கோபமாகத்தான் இருந்தான். "இன்னி ஒரு மட்டம் கயித்தத் தூக்க மாட்டேன், கேட்டியா?" என்று சொன்னான். "தூக்க வேண்டாம்," என்று லீமா சொன்னாள். மீன் தலையை அவனுக்கு வைத்தாள். அவன் அதில் பாதியைப் பிய்த்து அவளுடைய தட்டில் போட்டான்.

அடுத்த வாரத்திலிருந்து முத்துநாயகத்தின் பலகையில் ஒரு கோளாறு கண்டது. சங்கு அடங்கியதும் இறங்கும். பாதிக்கு மேல் வந்து, ஒரு கை நுழைகிற அளவுக்கு இடம் விட்டுச் சற்று நிற்கும். பிறகுதான் சட்டத்தில் போய் உட்காரும். கிளார்க் அதைக் கவனித்துக் கேட்டார். மார்கழிப் பனியில் மரம் உப்பியிருக்கிறது, வெயில் வந்தால் சரியாகிவிடும் என்று முத்துநாயகம் சொன்னார்.

பங்குனி வெயிலிலும் அந்த உப்பல் இறங்கவில்லை.